சித்தி சொன்ன "இல்லை"

எனக்கு அப்போது 13 வயது. கிழக்கு லண்டனில் சித்தி வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு ஹெல்த் விசிட்டர் வந்திருந்தார். சித்தியின் மகன் பிறந்து ஆறு கிழமை. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை முடித்து வந்த சித்தப்பா அதே அறையின் மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

பால், நிறை, தடுப்பூசி எல்லாம் சுகமாகப் போனது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி இரண்டு கேள்வி கேட்டார். கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்தீர்களா? எதிலும் விருப்பம் இல்லாமல் போனதா? 'டிப்ரெஸ்ட்' என்பதற்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. "சித்தி, உங்களுக்குக் கவலை ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றேன். சித்தி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லையெண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குழந்தைக்கு நான்கு வயதானபோது தினமும் காலையில் வயிற்றுக்குத்து. நர்சரி வாசல் வந்தால் அழுகை. டாக்டர் பார்த்தார், உடம்பில் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம்: ஓமத் தண்ணி, கண்ணூறு கழித்தல், யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் அம்மம்மாவின் கட்டளைகள். "நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன மனக்கவலை?" என்று ஒரு மாமா சிரித்தார். ஓமத் தண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் வயிற்றைப் பற்றிக் கதைத்த ஒருவரும் சித்தி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானும்தான்.

கேட்டது நர்சரி ஆசிரியை. போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துக் கொடுத்தார். முகம் தெரியாத, சொந்தத்தில் சேராத ஒரு குரல். சித்தி கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கதைத்தாராம். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்து விளையாடும் தாய், சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கவேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாய்மாரைக் குற்றம் சொல்லத் தொடங்காதீர்கள். தாய் மறுபடி சிரித்ததும் குழந்தை மெல்ல மெல்லத் திரும்பி வரும். ட்ரோனிக் அழுத்திச் சொன்னதும் அதைத்தான்: எல்லா வீட்டிலும் தொடர்பு அறுபடும், அதைத் திரும்ப ஒட்டவைப்பதுதான் முக்கியம். ஆனால் ஒட்டவைக்கத் தாயிடம் கொஞ்சமாவது தெம்பு மிஞ்சியிருக்க வேண்டாமா?

ஆகவே சின்னப்பிள்ளையின் மனநலம் என்பது பாதிக்கு மேல் தாய் தகப்பனின் நித்திரை, வாடகை, தனிமை பற்றிய கதை என்றுதான் நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1999 முதல் 'ஷூர் ஸ்டார்ட்' நிலையங்கள் இதைத்தான் செய்தன: சுகாதாரம், விளையாட்டு, பெற்றோருக்கான உதவி, வேலை ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2010க்குப் பிறகு காசை வெட்டினார்கள், பல மூடப்பட்டன. அவற்றுக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ பரீட்சையில் கூடுதலாகச் செய்தார்கள் என்று 2024இல் ஒரு ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. அதிகம் பயன் பெற்றது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். மூடிய பிறகு தெரிந்து என்ன பயன்?

எங்கள் ஆட்கள் உதவி கேட்காததற்கு இன்னொரு காரணம், "சொன்னால் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்ற பயம். அப்படி நடந்த வீடுகள் உண்டு, பயம் பொய்யில்லை. ஆனால் இந்த நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் பிள்ளை இயன்றவரை தன் குடும்பத்தோடேயே வளர உள்ளூராட்சி துணை நிற்கவேண்டும் என்கிறது. அதை எங்கள் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் இலவசம் என்பதையும், சிறுவரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று என்.எச்.எஸ் வழிகாட்டலே சொல்வதையும்கூட யாரும் சொல்வதில்லை. தமிழும் இங்கிலீஷும் தெரிந்த நாங்கள் செய்யக்கூடிய வேலை அதுதான். போன் எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பதிந்து கொடுங்கள். அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அறைக்குள் இருக்காதீர்கள்.

சித்தியின் மகனுக்கு இப்போது 9 வயது. வயிற்றுக்குத்து இன்னும் சில நாள் வரும். போன மாதம் ஒரு அக்கா தன் கைக்குழந்தையோடு டாக்டரிடம் போக என்னைக் கூப்பிட்டார். வாசல்வரை வருகிறேன், உள்ளே வேறு ஆளைப் பதிந்து தருகிறேன் என்றேன். "உனக்குத் தமிழ் தெரியும்தானே, என்ன பெரிய எடுப்பு?" என்று கோபித்துக்கொண்டு வைத்தவர்தான், இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரோடு உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரமாகியது.