எங்கப்பன் குதிருக்குள் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணன் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "தம்பி, கொல்லைக்கட்டுல நிக்கிற குதிரை இடிச்சுட்டு கார் ஷெட் போட்டுடலாம்டா. என்ன சொல்றே?"

ஜீவனஹள்ளி வீட்டு ஹாலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் பெண் துள்ளி எழுந்தாள். "தாத்தா வீட்ல குதிரை இருக்காப்பா? அதை எதுக்கு இடிக்கணும்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பாபநாசம் பக்கத்தில் பிறந்தவன் பெற்ற பெண்ணுக்குக் குதிர் தெரியவில்லை. தப்பு அவளுடையதா என்ன?

வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணை உறை உறையாக அடுக்கி, சாணி மெழுகி, ஆள் உயரத்துக்கு எழுப்புவது குதிர். மேலே நெல்லைக் கொட்டி, அடியில் உள்ள சின்னத் துவாரம் வழியாக எடுப்பார்கள். மரத்தில் செய்தால் பத்தாயம். இப்போது எங்கள் நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. குதிர் காலி. ஒத்துக்கொள்கிறேன். காலியானால் இடித்துத்தான் ஆகணுமா?

பொட்டி தட்டப் புறப்பட்டு வந்த நம் கூட்டத்துக்குத் தெரிந்தது இரண்டே வழி. ஒன்று, இடிப்போம். இல்லையென்றால் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டு, பிறகு ஏதாவது ரிசார்ட்டில் அதையே பார்த்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். ஊரைச் சொல்வானேன், என் வீட்டு டீப்பாயே ஒரு பழைய பத்தாயப் பலகைதான் :-(

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1924-ல் கட்டி முடித்த தானிய சைலோ, 2001-ல் வேலையை நிறுத்தியது. இடிக்கவில்லை. 42 கான்க்ரீட் குழாய்களின் நடுவே குடைந்து, 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் பழைய சைலோக்களைச் சுவர் ஏறி விளையாடும் இடமாக மாற்றினார்கள். நம் பாட்னா கோல்கரைப் பாருங்கள். 1770 பஞ்சத்துக்குப் பிறகு யோசித்து 1786-ல் கட்டி முடித்த தானியக் கிடங்கு அது. ஒருநாளும் முழுசாக நிரம்பவில்லை. ஆனால் அதன் 145 படி ஏறிக் கங்கையைப் பார்த்தவர்கள் எத்தனை தலைமுறை!

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் பக்கத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது. வட்டமான கட்டடம், 3000 கலம் நெல் கொள்ளும். தொல்லியல் துறை பாதுகாக்கிறது, நல்லது. ஆனால் வீட்டுக் குதிருக்கு எந்தத் துறையும் வராது. அதற்கு நாம்தான் துறை.

"அதெல்லாம் கான்க்ரீட், கோடிக்கணக்கில் செலவு. இது வெறும் மண்ணு" என்கிறார் அண்ணன். மண் என்பதால்தான் செலவு கம்மி என்கிறேன். அடித் துவாரத்தைக் குழந்தை தவழ்ந்து நுழையும் அளவுக்குப் பெரிசாக்கணும், காற்றுக்கு மேலே ஒரு ஜன்னல், மழைக்கு ஒரு கூரை. தெருப் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாட ஓர் இடம், உள்ளே உட்கார்ந்து படிக்கப் பத்துப் புத்தகம். கடன்காரனுக்குப் பயந்து ஓர் அப்பன் ஒளிந்ததும், பிள்ளை "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று காட்டிக்கொடுத்ததும் இதற்குள்தானே? குதிரே இல்லாவிட்டால் அந்தப் பழமொழியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? பவர்பாயின்ட்டிலா?

"எலி வரும், பாம்பு வரும்" என்றார். பூட்டிப் போட்டால் வரும், பிள்ளைகள் புழங்கினால் வராது என்றேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள். "நீ வருஷத்துல ரெண்டு நாள் வந்து போறவன். மெழுகுறது யாரு? உங்க அண்ணிதானே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வாதத்திலும் நியாயமான வாதம் அது ஒன்றுதான்.

அதனால் நம்மவர்களுக்குத்தான் சொல்கிறேன். "நம்ம பாரம்பரியம் அழியுது" என்று பெங்களூரில், துபாயில், டொராண்டோவில் உட்கார்ந்து புலம்புவதும், "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்பதும் ஒன்றுதான். நம்மை நாமே காட்டிக்கொடுக்கிறோம். ஊரில் ஒன்று நிற்கணும் என்றால் அதன் செலவும் நம்முடையது, சாணி மெழுகும் கையும் நம்முடையது. அண்ணியுடையது அல்ல.

மே மாதத்துக்குப் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் அதுவரை தவணை கேட்டிருக்கிறேன். "சரி, வந்து மெழுகு. பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன நிற்கிறது? இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இன்னும் நிற்கிறதா என்று முதலில் கேளுங்கள்.