நேத்து வரைக்கும் ஓடுச்சுல்ல?



சென்ற இதழ் மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு முதலில் மன்னிப்பு. தொலைபேசியில் உரிமையோடு கோபித்துக்கொண்டவர்களுக்கு அப்போது சொல்லப் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

பக்கங்களை அச்சுக்கு அனுப்பவேண்டிய காலையில், அலுவலக மடிக்கணினியில் வைஃபை இல்லை. சிக்னல் குறைவு என்றால்கூடப் பரவாயில்லை. அந்த அடையாளமே திரையில் காணோம். பக்கத்தில் இருந்த என் கைபேசியில் அதே வைஃபை ஜம்மென்று ஓடுகிறது. ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வைஃபை கார்டு போயிடுச்சு, ஆர்டர் போட்டுடலாம்" என்றார்கள். பக்கங்களையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மடிக்கணினி இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள், ஊருக்குப் போயிருந்த எங்கள் பக்க வடிவமைப்புத் தம்பி திரும்பினான். இங்கே நம் டிராம்பேயில், சீத்தா கேம்பில் பிறந்து வளர்ந்தவன். கேட்டது ஒரே கேள்வி: "நேத்து வரைக்கும் ஓடுச்சுல்ல சார்? நடுவுல என்ன மாறுச்சு?"

வைஃபை போனதற்கு முந்தைய இரவு 'புதுப்பிக்கலாமா?' என்று கணினி கேட்டது. படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனவன் நான்தான்.

என்னென்ன மாறியது என்று கணினியே நாள், நேரத்தோடு குறித்து வைத்திருந்தது. அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் புதிதாக வந்திருந்தது. நல்லவேளையாகப் பழையதும் அழியாமல் இருந்தது. பழையதில் ஏற்றிப் பார்த்தான், வைஃபை வந்துவிட்டது! கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இயக்கும் டிரைவர், பழைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புதிய உடம்புக்கு ஏறவில்லை. டிரைவரைப் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி மீண்டும் நிறுவினான். பத்தே நிமிடம்.

மாறியது ஒன்றிரண்டு என்றால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆனால் லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் வரும். அதற்கும் வழி உண்டு: சரிபாதியில் வெட்டிப் பார்ப்பது. நடுவில் உள்ள பதிப்பு ஓடினால் கோளாறு பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படி வெட்டிக்கொண்டே போனால் 16,000 மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்க 14 சோதனை போதும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய 'கிட்' மென்பொருளில் இதற்கென்றே 'பைசெக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்கு அணைந்தால், எலக்ட்ரீஷியன் நடுவில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

புதுப்பிப்பால் வைஃபை போவது பெரிய இடத்திலும் நடக்கும். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு புதுப்பிப்பால் பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் வைஃபை இணைய மறுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, கோளாறு செய்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெற்றது.

நம் ஊரின் பெயரையே ஒரு கணினி சுமந்திருக்கிறது. இங்குள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் வடிவமைத்து, 1969-இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் தயாரித்த டி.டி.சி.-12-இன் விரிவு 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்'. அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, நடந்ததை விசாரிக்காமல் கார்டின் மேல் பழி போட்டதில் எனக்கு வெட்கம்தான்.

புதுப்பிப்பே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான். செய்த தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் இனி, இதழ் அச்சுக்குப் போன மறுநாள்தான் புதுப்பிப்பு. இந்த இதழ் சொன்ன தேதியில் உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்