ஈரம் இருந்தும் வாடும் கீரை

கேள்வி: தண்டுக்கீரை விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு சென்ட் பாத்தியில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ பொட்டாஷும் தூவி, பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். மறுநாள் மதியமே துவண்டுவிட்டது. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது, பூச்சியும் இல்லை. கடைக்காரர் டானிக் அடிக்கச் சொல்கிறார். பதினொன்றாவது படிக்கும் மகள், 'இது சவ்வூடு பரவல்' என்கிறாள். இன்னும் நாலு பாத்திக்கு உரம் போட வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, காட்டாங்குளத்தூர் ஒன்றியம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. டானிக் காசு மிச்சம். நாலு பாத்திக்கும் உரம் போடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை, மாங்காயே விட்டது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் நேர்மாறாக ஊதிப்போகிறது. வேரின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தண்ணீரை எளிதில் விடும், கரைந்த உப்பை அப்படி விடாது. எந்தப் பக்கம் கரைசல் அடர்த்தியோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். வழக்கமாக வேரின் சாறுதான் அடர்த்தி, அதனால் மண்ணின் நீர் உள்ளே வருகிறது. உரம் கூடினால் மண் நீர் அடர்த்தியாகிவிடும். அப்போது பாத்தியில் ஈரம் இருக்கும், செடிக்குக் கிடைக்காது.

இந்தப் பாத்திக்கே தோராயமாகக் கணக்குப் போடலாம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். லேசாகத் தெளித்த தண்ணீர் மேல் 2 சென்டிமீட்டர் மண்ணைத்தான் நனைக்கும். அந்த மண் 800 லிட்டர் அளவு, அதில் கால் பங்கு நீர் என்றால் 200 லிட்டர். இதில் 2 கிலோ யூரியா கரைந்தால் ஒரு சதவீதக் கரைசல். அதன் சவ்வூடு அழுத்தம் சுமார் 4 வளிமண்டல அளவு. பொட்டாஷ் பாதி எடைதான், ஆனால் கரையும்போது ஒரு துகள் பொட்டாசியம், குளோரைடு என இரண்டாகப் பிரிகிறது. அழுத்தம் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் அதுவும் 3-க்கு மேல் சேர்க்கும். ஆக மொத்தம் 7. டூவீலர் டயரில் இருப்பது சுமார் 2 தான். மதிய வெயிலில் பாதி ஈரம் ஆவியானால் இந்த 7, 14 ஆகும். 15-ஐ ஒட்டி மண் நீரைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பயிர் நிரந்தரமாக வாடிவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பன்னிரண்டு நாள் கீரை அதுவரை தாங்காது. போதாததற்கு, யூரியா ஓரிரு நாளில் அமோனியாவாக மாறத் தொடங்கும். அதுவும் இளம் வேருக்கு ஆகாது.

மருந்து தண்ணீர்தான். பாத்தி நிறைய நல்ல தண்ணீர் விட்டு, சிறிது நேரம் நிறுத்தி, வடித்துவிட வேண்டும். மறுபடி ஒருமுறை. யூரியாவும் பொட்டாஷும் தண்ணீரோடு எளிதில் போய்விடும். வடிந்ததைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பினால் உரம் வீணாகாது, கிணற்றுப் பக்கம் மட்டும் விடக் கூடாது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கலாம். வேர் வெள்ளையாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகிக் குழைந்திருந்தால் காத்திருப்பதைவிட, பாத்தியை நன்றாக அலசி மறு விதைப்புச் செய்வதே லாபம். ஒரு மாதப் பயிருக்கு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த முடியாது.

மற்ற பாத்திகளுக்கு உரத்தைப் பிரித்துப் பிரித்து, ஈர மண்ணில், தொழு உரத்தோடு கலந்து போட்டு உடனே பாய்ச்ச வேண்டும். கிணற்று நீரே உப்பாக இருந்தால் இந்தத் தொல்லை தினமும் நடக்கும். நீரின் மின் கடத்தும் திறன் 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2 என்றால் 1,000 லிட்டரில் ஒன்றேகால் கிலோ உப்பு. அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரசாயன உரத்தையும் தாராளமாகப் போடக் கூடாது.

இதே வாசகியின் இன்னொரு கேள்வி: மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.4, மண்ணில் சுண்ணாம்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறது. புளித்த மோர் ஊற்றினால் குறையுமா?

குறையாது. சுண்ணாம்பு மண் ஒரு தாங்கல் அமைப்பு. அமிலம் வந்தால் அதைச் சுண்ணாம்பு சாப்பிட்டுவிட்டு, நிலையைப் பழையபடி வைத்துக்கொள்ளும். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் ஏறத்தாழ 900 டன். அதில் 2 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 18 டன். அதைத் தீர்க்கவே கிட்டத்தட்ட அதே எடைக்குக் கந்தக அமிலம் வேண்டும். மோர் எம்மாத்திரம்! மோரைக் குடிப்பதே மேல். நம் ரத்தமும் இப்படியொரு தாங்கல் கரைசல்தான், எலுமிச்சைச் சாறு குடித்தாலும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும்.

ஜிப்சமும் இங்கே அவசரமில்லை. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு, சோடியத்தை வெளியேற்றிக் கால்சியத்தை உட்கார வைக்க. சுண்ணாம்பு மண்ணுக்குத் தொழு உரமும், இலை வெளுத்தால் துத்தநாகம், இரும்பு நுண்ணூட்டமும் போதும்.

தண்ணீர்ப் பரிசோதனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். மருந்து பாட்டிலில் மட்டும் பிடிக்க வேண்டாம்.