ஒரு மில்லிமீட்டர்தான், மாமா!

போன ஞாயிறு அம்பாங்கானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது.

"எஸ்.பி.எம். வருஷத்துல துப்பாக்கி என்ன வேண்டிக் கிடக்கு?"

அக்கா மகள் இரண்டு வருடமாகத் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கிறாள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வாங்கியவள், இந்த வருடம் 25 மீட்டருக்கு மாறினாள். அன்று காலைத் தேர்வுச் சுற்றில் கடைசி இடம். அக்காவுக்கு அந்தக் காரணமே போதும்.

"அதே கை, அதே கண்ணு. ஏன் மாமா இப்படி?" என்றாள், கண் சிவந்து.

ஒருமுறை வானொலிக்காக ஒரு பயிற்றுநரைப் பேட்டி கண்டபோது கேட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. பென்சிலை எடுத்தேன். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 22 சென்டிமீட்டர். விசை அழுந்தும் நொடியில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் குண்டு நாலரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 25 மீட்டரில் 11 சென்டிமீட்டருக்கு மேல். நிதானச் சுற்று அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான். பத்து எடுக்க வேண்டியவள் ஆறு எடுப்பாள்.

அந்த மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? கை நடுக்கம்தான் காரணம் என்று நாம் நினைப்போம். உலக வெற்றியாளருக்கும் கை ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தில் முன்குறி நடுவுக்கு வரும் கணத்தில் 'இப்போ!' என்று விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் வினை. ஏர் பிஸ்டலில் விசையின் குறைந்தபட்ச எடை 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலில் 1 கிலோ. பழைய பழக்கத்தில் இழுத்தால் முனை திரும்பிவிடும். பார்வை முன்குறியில் இருக்க வேண்டும். அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். விரல் மட்டும் நேராக, மெதுவாகப் பின்னால் வரவேண்டும். ஏழெட்டு விநாடியில் குண்டு போகவில்லையா? கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

"நான் இறக்கவே மாட்டேன் மாமா. பயந்துட்டேன்னு நினைப்பாங்க."

இதுதான் விஷயம்! நிதானச் சுற்றில் 5 குண்டுக்கு 5 நிமிடம் தருகிறார்கள். அவளோ இரண்டே நிமிடத்தில் முடித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரலையில் மூச்சுவிடக்கூடப் பயந்து மடமடவென்று பேசித் தள்ளிய என் முதல் வருடம்தான் ஞாபகம் வந்தது.

அக்காவிடம் மனு பாக்கரைப் பற்றிச் சொன்னேன். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் பாதிப் போட்டியில் பிஸ்டல் பழுதாகி, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்ட இந்தியப் பெண். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார்.

"அந்தப் பொண்ணுக்கு எஸ்.பி.எம். இருந்துச்சா?" என்றாள் அக்கா. பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. கூடுதல் கணிதத்துக்கு டியூஷன் போனால் அடுத்த தேர்வுச் சுற்று வரை அனுமதி. கிளப் பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் நம் நாட்டுச் சட்டம் சும்மா விடாது. அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். எடை கிட்டத்தட்ட அதேதான்.

நான் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்: "எட்டு விநாடி ஆச்சு. இறக்குடி கையை!"