மாலை மாற்றினால் போதுமா?

கருங்குழியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வள்ளலார் வாழ்ந்த கருங்குழி அல்ல. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டில் இருக்கும் கருங்குழி. கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் அக்காவின் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தவள், தன்னோடு தங்கியிருக்கும் சிநேகிதியுடன்தான் காலமெல்லாம் வாழப்போவதாக இப்போது சொல்கிறாள். 'எங்களுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்' என்றும் கேட்கிறாள். அக்கா அன்ன ஆகாரம் இல்லாமல் அழுகிறாள். இப்படியும் ஒரு கல்யாணம் உண்டா? சட்டம் அதை ஒப்புக்கொள்கிறதா? ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா?"

மூன்று கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இப்படியும் ஒரு கல்யாணம் உண்டா? உண்டு. 2022 ஆகஸ்டில் சென்னையிலேயே இரு பெண்கள், பெற்றோர் முன்னிலையில், சம்பிரதாயப்படி மாலை மாற்றிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் படம் கூட வந்தது. வெளிநாட்டில் நெதர்லாந்து 2001-லேயே இத்தகைய விவாகத்துக்குச் சட்டம் செய்தது. "அதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம்" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2019-ல் தைவான் ஒப்புக்கொண்டது. நம் அண்டை நாடான நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் விவாகம் பதிவாயிற்று. கோயிலும் புத்த பிட்சுக்களும் நிறைந்த தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டம் அமுலில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: நம் சட்டம் ஒப்புக்கொள்கிறதா? இல்லை. இரு பெண்களோ இரு ஆண்களோ மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் விவாகம் வேறு விஷயம். 1954-ம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டத்தின் கீழ்த் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2023 அக்டோபர் 17-ந் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விவாகம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, அந்தச் சட்டத்தை மாற்றுவது பார்லிமெண்டின் வேலை என்பதில் ஐவரும் ஒருமித்தார்கள். மறுபரிசீலனை மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. ஆகவே சென்னையில் மாலை மாற்றிக்கொண்ட அந்த இருவரும், சட்டத்தின் கண்ணுக்கு வெறும் சிநேகிதிகள்தான்.

கொஞ்சம் கதவு திறந்திருப்பதும் வாஸ்தவம். இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரே ரேஷன் கார்டில் இடம் பெறலாம், பாங்கில் கூட்டுக் கணக்குத் தொடங்கி ஒருவரையொருவர் வாரிசுதாரராக நியமிக்கலாம் என்று மத்திய சர்க்கார் 2024-ல் தெளிவுபடுத்தியது. நம் சென்னை ஹைகோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணை அவள் வீட்டார் அடைத்து வைத்ததாகச் சிநேகிதி தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. விவாகம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பந்தான் என்றார்கள் நீதிபதிகள். அந்தப் பெண் தன் இஷ்டம்போல் போகலாம் என்றும், வீட்டார் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள்.

கருங்குழி சகோதரிக்கு இது முக்கியம். பெண்ணைப் பிடித்துவந்து பூட்டி வைப்பதோ, "சரி செய்கிறேன்" என்று வைத்தியரிடமும் மந்திரவாதியிடமும் இழுப்பதோ கூடாது. இப்படி மாற்றுவதாகச் சொல்லும் வைத்தியத்துக்கு 2021-லேயே ஹைகோர்ட் தடை போட்டுவிட்டது.

"ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஐயோ, அந்த நல்ல பையன் என்ன பாவம் செய்தான்? இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆண்களையே நாடும் பிள்ளைக்கு, ஊருக்குப் பயந்து பெற்றோர் ஒரு பெண்ணைக் கட்டி வைக்கிறார்கள். அவள் வருஷக்கணக்கில், "என்னிடம் என்ன குறை?" என்று கண்ணாடியைப் பார்த்து அழுகிறாள். குழந்தை இல்லை என்ற பேச்சும் அவள் தலையில்தான் விழுகிறது. அப்படி ஏமாற்றப்பட்ட பெண் நம் மகளாக இருந்தால் சும்மா இருப்போமா?

இனி மூன்றாவது கேள்வி. சட்டம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கு நியாயம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் செங்கற்பட்டே போதும்.

1929 பிப்ரவரியில் அங்கேதான் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், ஒத்துவராத விவாகத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும், பதினாறு வயதுக்கு முன் பெண்ணுக்கு விவாகம் கூடாது என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். அன்று அதைக் கேட்டு, "குடும்பம் என்ன ஆவது?" என்று பதறியவர்கள் உண்டு. இன்று அவை எல்லாம் நாம் கூச்சமில்லாமல் அனுபவிக்கிற உரிமைகள்.

அந்த மாநாட்டுக்கு முந்திய வருஷமே, அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் புரோகிதர் இல்லாமல் ஒரு திருமணம் நடந்திருந்தது. அதைத் தொடர்ந்து ஊர் ஊராக அப்படிப்பட்ட திருமணங்கள் நடந்தன. ஆனால் 1953-ல் ஹைகோர்ட், சடங்கு இல்லாத அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த பெண்களின் கதியை யோசித்துப் பாருங்கள். ஊருக்கு மனைவி, கோர்ட்டுக்கு யாரோ! 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் கொண்டுவந்த பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. உற்றார் முன் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் போதும், முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம்.

அந்தச் சட்டப் பிரிவு, "எந்த இரு இந்துக்களுக்கும்" இடையே நடக்கும் திருமணம் என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் ஒருவர் மற்றவரை மனைவியாக, கணவராக ஏற்பதாகச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் இந்தப் பெண்களுக்கு வாசல் அடைபட்டுவிடுகிறது. திருநங்கை ஒருவர் மணமகளாகலாம் என்று 2019-ல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அவர்களுக்குத் திறந்த வாசல் இவர்களுக்குத் திறக்கவில்லை.

"கூடி வாழத்தான் தடையில்லையே, பிறகு எதற்குச் சட்டம்?" என்பீர்கள். இருபது வருஷம் இருவரும் சம்பாதித்து ஒருத்தி பெயரில் வீடு வாங்குகிறார்கள். அவள் உயில் எழுதாமல் கண்மூடினால் சொத்து பெற்றோருக்குப் போகும். அவர்கள் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்குப் போகும். கூட வாழ்ந்தவளுக்கு ஒரு செங்கல் கூடக் கிடைக்காது. ஆகவே இப்போதைக்கு இப்படி வாழ்கிறவர்கள் முதல் காரியமாக உயில் எழுதிவைப்பது நல்லது. ஆனால் புருஷன் போன பிறகு நாம் அனுபவிக்கிற குடும்பப் பென்ஷனை எந்த உயிலும் வாங்கித் தராது.

பிடிக்காதவர்கள் அந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம். மொய் எழுதவும் வேண்டாம். எந்தக் கோயிலையும் குருக்களையும் யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். இவர்கள் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டால் நம் வீட்டுத் தாலியின் மதிப்பு ஒரு குன்றிமணி கூடக் குறையப் போவதில்லை.

மாலையை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில், "நீ இவளுக்கு யார்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும். அதைச் சட்டம்தான் தர முடியும். சுயமரியாதைத் தம்பதிகளுக்கு அந்தப் பதில் கிடைக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. இந்தப் பெண்களையும் தலை நரைக்கும் வரை காக்க வைக்க வேண்டாம்.