உம்மாவின் முறையீட்டைக் கேட்க நமக்குச் செவி உண்டா?

கௌலா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை அவருடைய கணவர் அறியாமைக் கால வழக்கப்படி விலக்கி வைத்தார். மனைவி என்ற உரிமையும் இல்லை, மணவிலக்கும் இல்லை. முதுமையை எட்டிய அப்பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் சென்று வாதாடினார். அவருடைய முறையீட்டைத் தான் செவியுற்றதாக அல்லாஹ் அறிவிப்பதோடுதான் அல்முஜாதலா அத்தியாயம் (58) தொடங்குகிறது. நான்கு சுவர்களுக்குள் நேர்ந்த அந்த வேதனையைக் குடும்ப விஷயம் என்று அல்லாஹ் ஒதுக்கிவிடவில்லை. ஒதுக்குபவர்கள் நாம்தான்.

செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும், மாமல்லபுரம் முதல் கோவளம் வரையிலான கடலோர ஊர்களிலும் நம் குடும்பங்கள் வாழ்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பின்னர் இங்கே ஒரு சென்ட் நிலமும் பெரும் பொருளாகிவிட்டது. வீட்டையும் மனையையும் எழுதி வாங்கும் வரை உம்மா என்று உருகுவதும், வாங்கிய பின் பின்கட்டு அறைக்குள் ஒதுக்குவதும் எந்தச் சமூகத்துக்கும் புதிதல்ல. நம் சமூகமும் விலக்கல்ல.

நடக்க இயலாத, பார்வை மங்கிய, செவி கேளாத ஒரு மூதாட்டிக்கு இழைக்கப்படும் கொடுமை அடி உதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைப்பது கொடுமை. அடிக்கடி கழிப்பறைக்குத் தூக்கிச் செல்ல நேரும் என்று தண்ணீரைக் குறைப்பது கொடுமை. முதியோர் உதவித்தொகை வரும் ஏ.டி.எம். அட்டையைப் பேரன் வைத்துக்கொள்வதும், ஒளுச் செய்ய உதவி கேட்டால் முகம் சுளிப்பதும், சர்க்கரை மாத்திரையை நாள்கணக்கில் மறப்பதும் கொடுமையே. பெற்றோரை நோக்கிச் 'சீ' என்ற சொல்லையும் தடுத்த மார்க்கம் (17:23) இவற்றையா அனுமதிக்கும்?

உலக அளவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெண்கள் மீதான வன்முறை பற்றிய கணக்கெடுப்புகளில் முதிய பெண்களும் மாற்றுத்திறனாளிப் பெண்களும் போதிய அளவு இடம்பெறுவதில்லை என்றும் அந்நிறுவனம் 2024 மார்ச்சில் சுட்டிக்காட்டியது. கணக்கில் வராதவர்களின் கண்ணீர் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவர்கள் ஏன் பேசுவதில்லை? உணவு ஊட்டும் கையே அடிக்கும் கையாக இருக்கும்போது யாரிடம் சொல்வது? மகனின் மானம் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகம் வரை பேருந்தில் செல்ல உடலும் இடம் தருவதில்லை.

இங்கேதான் நம் ஜமாஅத்துகளின் கடமை தொடங்குகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன்படி, தாமே மனு அளிக்க இயலாதவர் அதிகாரம் அளிக்கும் வேறொருவரோ அமைப்போ அவர் சார்பில் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு ஆணையிடவும் அச்சட்டம் இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதை அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இளம் மனைவியருக்கு மட்டுமானதன்று. கணவரால் துன்புறும் மூதாட்டியும், மகனால் துன்புறும் தாயும் அதன் பாதுகாப்பைக் கோரலாம்.

நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி தம் வீட்டை மகனுக்கு எழுதித் தந்தார். மகன் இறந்த பின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் முறையிட்டார். பத்திரம் ரத்தானது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்பும் கவனிப்பும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அத்தகைய தானத்தின் மறைமுக நிபந்தனை என்று அது கருதியது. ஆயினும் நீதிமன்றம் வரை போகும் நிலை ஏன் வர வேண்டும்? இறுதி வரை வீட்டைத் தம் பெயரிலேயே வைத்திருப்பது எந்தத் தாய்க்கும் குற்றமன்று. எழுதித் தர நேர்ந்தால் ஆலிமையும் வழக்கறிஞரையும் கலந்துகொண்டு, பராமரிப்பைப் பற்றிப் பத்திரத்தில் தெளிவாக எழுதுவது நல்லது.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. படுக்கையில் இருப்பவரை இரவும் பகலும் பார்க்கும் மருமகளின் சோர்வு உண்மையானது. தாயைப் பேணுவது பிள்ளைகளின் கடமை. அந்தச் சுமையை ஒரு பெண்ணின் தோளில் இறக்கிவிட்டு வெளிநாட்டிலிருந்து பணம் மட்டும் அனுப்புவதும் அநீதியே. சுமையைப் பங்கிட்டால் கொடுமையின் ஊற்றுகளில் ஒன்றேனும் அடைபடும்.

எனவே, ஒவ்வொரு பள்ளிவாசலும் இரண்டு பெண்களை நியமித்து, மஹல்லாவில் வெளியே வர இயலாத மூதாட்டிகளை மாதம் ஒருமுறை சந்திக்கச் செய்யட்டும். அவர்களோடு தனியே பேச வேண்டும். மகனோ மருமகளோ அருகில் நின்றால் உண்மை வெளிவராது. பெண்கள் உதவி எண் 181-உம் முதியோர் உதவி எண் 14567-உம் அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக இடம்பெறட்டும்.

அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதிக்கே சாட்சி நிற்கும்படி குர்ஆன் (4:135) பணிக்கிறது. அடுத்த வீட்டுப் பின்கட்டிலிருந்து முனகல் கேட்கும்போது நம் சன்னலை மூடிக்கொள்ளாத மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.