டிக்கெட் இல்லாத பிரயாணி

பிரயாணம் புறப்படுகிறவர்கள் சாமான்களை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பது வழக்கம். பெட்டி இரண்டு, பை மூன்று, சாப்பாட்டுக் கூடை ஒன்று என்று கணக்குச் சரியாக இருந்தால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கணக்கில் சேராத பிரயாணி ஒருவர் நம்முடன் வந்துவிடுவதுண்டு. அவர் டிக்கெட் வாங்குவதில்லை, இடம் கேட்பதில்லை, பரிசோதகர் கண்ணில் படுவதுமில்லை. பெட்டியின் தையல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வந்து, நம் வீட்டுக் கட்டிலில் குடியேறிய பிறகே தம் வருகையைத் தெரிவிக்கிறார். மூட்டைப்பூச்சி என்று அவருக்குப் பெயர் வைத்தவர் யார் என்று அறியோம். மூட்டையில் வருகிறவர் என்பதில் மட்டும் நமக்குச் சந்தேகம் கிடையாது.

இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சில காலத்துக்கு முன்பு குடும்ப சகிதமாக க்ஷேத்திர யாத்திரை போயிருந்தோம். ஓர் ஊரில் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கினோம். அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் நம் அத்தையின் வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கினோம். எழுபது வயதான அத்தை, பரணிலிருந்த மெத்தையை இறக்கி, வெயிலில் காயவைத்துத் தட்டி, வெளுத்த உறை போட்டு நமக்காக விரித்திருந்தாள். வீடு திரும்பிய நாலாம் நாள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள் கண்டன. உடனே நாம் என்ன தீர்மானித்தோம்? "எல்லாம் அத்தையின் பழைய மெத்தை செய்த வேலை!" என்று தீர்மானித்தோம். வாய்விட்டும் சொன்னோம். விடுதியின் பளபளப்பான கட்டிலின் மீது நமக்குக் கடுகளவும் சந்தேகம் எழவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அத்தையிடமிருந்து தொலைபேசி வந்தது. "அப்பா! சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் படுத்திருந்த அறையில் மூட்டைப்பூச்சி வந்திருக்கிறது. அறுபது வருஷமாக இந்த வீட்டில் நான் கண்டதில்லை. குழந்தைகளைக் கடித்திருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை" என்றாள். நாம் பேசாமல் போய் நம் பெட்டியைத் திறந்து, உள்துணியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தோம். அங்கே இருவர் சுகமாக வீற்றிருந்தனர். விடுதியில் அந்தப் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்ததும், அத்தை வீட்டிலும் அப்படியே வைத்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அத்தை நமக்கு மெத்தை கொடுத்தாள். நாம் அத்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தது இது!

பஞ்சதந்திரத்தில் இந்தக் கதையே இருக்கிறது. ராஜாவின் படுக்கையில் ஒரு சீலைப்பேன் அடக்கமாகக் காலம் தள்ளி வருகிறது. எங்கிருந்தோ ஒரு மூட்டைப்பூச்சி விருந்தாளியாக வந்து, ராஜா தூங்கும் முன்பே ஆத்திரப்பட்டுக் கடித்துவிட்டு ஓடி ஒளிந்துகொள்கிறது. சேவகர்கள் விளக்கோடு வந்து தேடும்போது அகப்படுவது சீலைப்பேன்தான். கடித்தவர் ஒருவர், பழி சுமந்தவர் மற்றொருவர்.

பழி இடம் மாறுவதற்குச் சாஸ்திரீயமான காரணமும் உண்டு. மூட்டைப்பூச்சி கடித்தவுடன் எல்லோருக்கும் தடிப்பு உண்டாவதில்லை. சிலருக்கு மறுநாள் தோன்றும். சிலருக்குப் பல நாள் கழித்துத் தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆகையால் தடிப்பைக் கண்ட இடத்தில்தான் கடி பட்டோம் என்று நினைப்பது தவறு. நல்லவேளையாக, இந்தப் பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிரூபணமாகவில்லை. அரிப்பும், தூக்கக் கேடும், மனக்கசப்புமே இதனால் விளையும் பெருந்தீங்குகள்.

அழுக்கு உள்ள இடத்தில்தான் இது பிறக்கிறது என்ற எண்ணமும் சரியன்று. இதற்கு ஆகாரம் அழுக்கு அல்ல, ரத்தம். நம் மூச்சுக் காற்றையும் உடம்பின் சூட்டையும் மோப்பம் பிடித்துக்கொண்டு இரவில் வருகிறது. சக்கரவர்த்தியின் ரத்தமும் கூலிக்காரனின் ரத்தமும் அதற்கு ஒன்றே. பிரான்சு தேசத்தில் 2017 முதல் 2022 வரையில் நூற்றுக்குப் பதினொரு குடும்பங்கள் இதனிடம் அவதிப்பட்டதாக அந்த நாட்டு அரசாங்க நிறுவனம் கணக்கிட்டது. 2023-ஆம் வருஷம் பாரிஸ் நகரமே ரயிலிலும் சினிமாக் கொட்டகையிலும் உட்கார அஞ்சியது. நாகரிகத்தின் தலைநகருக்கே இந்தக் கதி என்றால், கிராமத்து அத்தை எதற்காகக் கூச்சப்பட வேண்டும்?

இரண்டாவது உலக யுத்த காலத்தில் டி.டி.டி. என்னும் மருந்து வந்தபோது, இந்த ஜாதியே ஒழிந்தது என்று உலகம் நம்பியது. அதன் பூச்சிக்கொல்லும் சக்தியை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் என்பவருக்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷமே, ஹவாய்த் தீவின் பெர்ல் ஹார்பரில், அந்த மருந்துக்கு அசையாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன! இன்றும் கடையில் விற்கும் பல மருந்துகளை இது ஜீரணித்துக்கொள்கிறது. ஆகவே, வந்த பின் விரட்டுவதைக் காட்டிலும் வராமல் காப்பதே உத்தமம்.

காக்கும் வழி கடினமானதன்று. விடுதி அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலில் வைக்கலாகாது. முதலில் குளியல் அறையின் ஈரமில்லாத கல் தளத்தில் வைத்துவிட்டு, கைபேசி விளக்கை ஏற்றிக்கொள்ள வேண்டும். விரிப்பை விலக்கி, மெத்தையின் நான்கு மூலைகளையும், தையல் ஓரத்தையும், தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் பார்க்க வேண்டும். மையால் புள்ளி குத்தியது போன்ற கறைகளும், உரித்துப் போட்ட மெல்லிய தோலும், வெண்ணிறமான சிறு முட்டைகளும் அவர் வாசம் செய்வதற்கு அடையாளங்கள். கண்டால் சத்தம் போட வேண்டாம். மானேஜரிடம் மெதுவாகச் சொல்லி வேறு அறை கேட்கலாம். அடுத்த அறையும், நேர் மேலும் கீழும் உள்ள அறைகளும் வேண்டாம். சுவர் இடுக்கு வழியாக அங்கேயும் போகத் தெரிந்தவர் அவர். ஒன்றும் காணாவிட்டாலும், பெட்டியை மூடியே வைப்பது நலம்.

உடுத்திக் களைந்த துணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் தங்கியிருக்கும் மனித வாசனை மூட்டைப்பூச்சியை இழுக்கிறது என்று இங்கிலாந்தில் ஷெபீல்டு சர்வகலாசாலையார் 2017-இல் பரிசோதித்துக் கண்டார்கள். எனவே அழுக்குத் துணியைக் கட்டிலடியில் குவிக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வைக்க வேண்டும். ரயிலிலும் இதுவே விதி.

வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கை அறைக்குள் கொண்டு போகாமல் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ திறவுங்கள். துணிகளை 60 டிகிரி சூடுள்ள நீரில் தோய்த்தால் பூச்சியும் முட்டையும் சேர்ந்து மடியும். பெட்டியின் மடிப்புகளைத் தேய்த்துத் துடையுங்கள். வெறும் வெயிலை நம்பிவிடாதீர்கள்; சூடு ஏறுவதற்குள் அவர் நிழல் தேடி நகர்ந்துவிடுவார். கற்பூரமும் அந்துருண்டையும் நம்பத்தக்க காவல் ஆகா.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தானியக் கிடங்குகளுக்கென்று ஏற்பட்ட விஷ மாத்திரைகளை வீட்டு அறைகளில் வைக்கவே வேண்டாம். அவற்றிலிருந்து எழும் புகையால், பூச்சிக்குப் பதிலாக மனித உயிர்கள் போயிருக்கின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன்கூட வெளியே ஓடித் தப்பியிருப்பான். இவற்றை வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பூச்சி பெருகிவிட்டால், தெரிந்த தொழிலாளரை அழைப்பதே விவேகம்.

அத்தையின் கதை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். பெட்டியைப் பார்த்த அன்று மாலையே தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், உறைகளையும் விரிப்புகளையும் கொதிநீரில் ஊறவைத்து, கட்டிலின் மூட்டுகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றினோம். பத்து நாள் கழித்து, முட்டையிலிருந்து வந்தவற்றுக்காக இன்னொரு முறையும் போனோம். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒன்றரை மாதம் தூங்கியிருப்பேனே!" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை மூட்டைப்பூச்சிக் கடியைவிட அதிகமாக உறுத்தியது. நாம் குறை சொன்னோம், அவளிடம் சொல்லவில்லை. அவள் அஞ்சினாள், நம்மிடம் சொல்லவில்லை. இரண்டு வீட்டாரின் வெட்கத்துக்கும் நடுவில் அந்தப் பூச்சி நிம்மதியாக வம்சத்தை விருத்தி செய்துகொண்டிருந்தது. மெத்தையின் இடுக்குக்கு அடுத்தபடியாக அது ஒளிந்துகொள்ள விரும்பும் இடம் மனிதருடைய வாய் திறவாமைதான் போலிருக்கிறது. ஆகையால் கண்டவர்கள் கூசாமல் சொல்லுங்கள். கேட்பவர்கள் முகம் சுளிக்காமல் கேளுங்கள். அடுத்த முறை பிரயாணம் முடிந்து சாமான்களை எண்ணும்போது, பெட்டியின் மடிப்பையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.